வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடவும்

1

இந்தக் கதை களவெடுத்தது. வேற கதையில இருந்து இல்லை, ஒரு மனுசியின்ர வாயில இருந்து. இதை முதல் வரியிலயே சொல்லிப்போட்டால் வெட்கம் கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சன். குறையேல்லை.

நான் சுதர்சினி. வெள்ளவத்தையில இருக்கிறன். கிழமை நாளில வேலை, சனி ஞாயிறில முதுமாணிப் படிப்பு. பாடம் மனித–கணினி இடைவினை. "மகள் என்ன படிக்கிறா?" எண்டு ஆரும் கேட்டால் அம்மா "கொம்பியூட்டர்" எண்டு கதையை முடிச்சிடுவா. நாங்கள் செய்யிறது இதுதான்: ஒரு செயலியைச் சனத்தின்ர கையில குடுத்து, அவை எங்க தடுமாறினம் எண்டு வாயை மூடிக்கொண்டு பாக்கிறது. நான் வாயை மூடினன். கண்ணை மூடேல்லை. பிழை அங்கதான்.

(கடைசி மூண்டு வசனமும் ஆகக் கெட்டித்தனமாய் இருக்கு. வெட்டவேணும். மனம் வரேல்லை.)

2

முதல் எழுதின தொடக்கம்: "கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், கடற்காற்று உலர்த்திய துணிகளுக்கிடையே, டோரின் என்னும்—"

சீ. நான் ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லை.

இரண்டாம் தரம் அந்த மனுசியை ஆம்பிளையாக்கினன். சிவமணி, ஒருகொடவத்தையில கொண்டெய்னர் யார்டுக் காவலாளி. ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம் எண்டொரு நப்பாசை. ஆனால் சிவமணி வாயைத் திறந்தால் டோரின் அன்ரிதான் கதைச்சா. அந்தாளை இரண்டாம் பந்தியோட வேலையால நிப்பாட்டிப்போட்டன்.

சரி, நடந்ததையே சொல்லுறன். பெயர்கள் மட்டும் என்ர கற்பனை.

3

என்னோட படிக்கிறவள் றொசானா. செயலியைப் பரிசோதிக்க ஆக்கள் தேடி நான் அலையேக்க, "எங்கட மம்மியைக் கேளேன். மம்மிக்கு மூணு பாஷையும் தண்ணி பட்ட பாடு" எண்டாள். உண்மைதான். டோரின் அன்ரி மரக்கறிக்காரனோட சிங்களம், சுவாமியாரோட இங்கிலீசு, எங்களோட தமிழ்.

செயலி, ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நாள் எடுக்கிறது. முதலில சம்மதப் படிவத்தை நீட்டினன். "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ அன்ரி." டோரின் அன்ரி கண்ணாடியைப் போட்டு, தாளை ஆறுதலாய்ப் பாத்து, திருப்பியும் பாத்து, வடிவாய்க் கையெழுத்து வைச்சா. பிறகு நான் குடுத்த வேலை ஒண்டிலயும் பிழைவிடேல்லை. மனசில ஓடுறதை வாயால சொல்லிக்கொண்டு செய்யச் சொல்லியிருந்தன், அது எங்கட பாடத்தில ஒரு முறை. சொல்லுறதைச் செயலியே ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தது. "ஆ, இது நல்லம் மகள். இதுவும் நல்லம்" எண்டுகொண்டே இருந்தா. என்ர ஆய்வின்ர நட்சத்திரம் அவதான்.

"பதிவை நிப்பாட்டிட்டன் அன்ரி" எண்டு சொல்லிப்போட்டு, கேக் சாப்பிட்ட கையைக் கழுவப் போனன். அது நிக்கேல்லை. நிப்பாட்டுற பொத்தானை அமத்தினாப் பிறகு "நிச்சயமா?" எண்டு இன்னொருக்காக் கேக்கும். நான் கவனிக்கேல்லை. (அந்தத் திரையை வடிவமைச்சதும் நான்தான். சிரியுங்கோ.)

அடுத்த நாள் போட்டுக் கேட்டன். பக்கத்து வீட்டு லுத்பியா எட்டிப் பாத்திருக்கிறா.

"என்ன டோரின், பரீட்சை பாஸா?"

"பாஸ்தான். அந்தப் புள்ள எந்தப் பக்கம் கண்ணைக் கொண்டு போச்சோ, அந்தப் பக்கம் அமத்தினேன். எனக்கு எழுத்து எங்க தெரியும்?"

"றொசானாக்கு இன்னும் சொல்லல்லயா?"

"அவளுக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தோட அவளைப் பாக்கிறது? செத்தாலும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லிராத."

பாதியில நிப்பாட்டியிருக்கலாம். முழுக்கக் கேட்டன்.

4

மேற்பார்வையாளருக்குப் பட்டும் படாமலும் சொன்னன். அவர் கதிரையில நிமிர்ந்து இருந்தார். "இதுதானே உங்கட ஆய்வு! பெயரில்லாமல் போடுங்கோ."

என்ர ஆய்வேட்டைச் சரிபாத்துத் தாறவள் றொசானா. கொட்டாஞ்சேனை, மூண்டு பாஷை, கண்ணாடி. பெயர் இல்லாட்டிலும் பெத்த பிள்ளைக்கு விளங்காதோ? போடாமல் விட்டால், எழுத்துத் தெரியாத மனுசியை என்ர செயலியின்ர வெற்றி எண்டு காட்டிப் பட்டம் வாங்கிறன்.

ரெண்டும் வேண்டாமெண்டு கதை எழுதினன். ஆய்வில போட வெட்கப்பட்டதைக் கதையில போட்டு, அதுக்குக் கைதட்டும் வேணுமெண்டு நிக்கிறன். என்ன சென்மமோ நான்!

கேட்டுப்போட்டாவது போடுவம் எண்டு, இவ்வளவையும் அச்சடிச்சுக்கொண்டு, றொசானா வேலைக்குப் போற நாளாய்ப் பாத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனன். வாசிச்சுக் காட்டுறது. மன்னிப்புக் கேக்கிறது. வேண்டாமெண்டால் கிழிக்கிறது. இதுதான் முடிவாய் இருந்திருக்கவேணும்.

5

கதவைத் திறந்தது றொசானா. லீவாம்.

"கையில என்ன?"

"ஒரு... கதை. அன்ரிக்கு."

டோரின் அன்ரி குசினியில இருந்து கை துடைச்சுக்கொண்டு வந்தா. "என்னைப் பத்தியா? மாதாவே!"

"நான் வாசிச்சுக் காட்டுறன் அன்ரி, உள்ளுக்குப் போய்—"

"ஏன், எனக்குக் கண் தெரியாதா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினா.

வாங்க விட்டன். மகளுக்கு முன்னால வேற என்ன செய்ய? (சாட்டு. சாட்டேதான்.)

ஒவ்வொரு தாளாய்ப் பாத்தா. இடையிடையே என்ர முகத்தையும் பாத்தா, எங்க சிரிக்கிறது எண்டு தெரியவேணுமே. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"நல்லா இருக்கு மகள். போடு. எல்லாரும் வாசிக்கட்டும்."

அந்தச் சம்மதத்திலதான் இது உங்கட கையில இருக்கு. முந்தி வைச்ச கையெழுத்தும் இதே மாதிரித்தான். நீங்களும் இவ்வளவும் கேட்டுப்போட்டியள், இனி நீங்களும் கூட்டு.

றொசானா கையை நீட்டினாள். "குடுங்க மம்மி, நானும் பாக்கிறேன்."

டோரின் அன்ரி பெருமையாய்த் தாள்களை அடுக்கி அவளிட்ட நீட்டினா.

பாய்ஞ்சு பறிச்சன் எண்டு எழுதினன். பறிச்சால் ஏன் எண்டு றொசானா கேப்பாள். வெட்டினன். பேசாமல் நிண்டன் எண்டு எழுதினன். அதையும் வெட்டினன். ரெண்டில ஒண்டுதான் நடந்தது, அதை எழுத எனக்கு முகமில்லை. நீங்கள் எழுதுங்கோ. டோரின் அன்ரி இன்னும் கண்ணாடியைக் கழட்டேல்லை, தாள்களை நீட்டிக்கொண்டு நிக்கிறா.

எதை எழுதினாலும், போட முதல் அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.