ஆடிட் அன்று போட்ட நாடகம்

நாட்றம்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறும்போதே செண்பகம் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். இன்று ஆடிட். தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க, ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பும் நாள். பதினோரு மணிக்கு கேன்டீனில் அவளுடைய நாடகம். அவளுடையது என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். எச்.ஆர். பிரேம்நாத் சார் கை வைத்துத் திருத்தித் தந்த நாடகம் அது.

அவள் போட்டது வேறு. ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற அந்தக் கம்பெனியில் லைனுக்கு அறுபது பெண்கள். அறுபது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரக்கட்டை டோக்கன், சூப்ரவைசர் மேஜைமேல் கிடக்கும். அது கையில் கிடைத்தால்தான் பாத்ரூம் பக்கம் போகலாம். போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். இதற்குப் பயந்தே பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வராத பெண்ணே லைனில் கிடையாது.

இதை ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். செண்பகம் நடித்துக் காட்டினாள். சூப்ரவைசர் மாதிரி இடுப்பில் கை வைத்து, "இன்னா, ஒனக்கு மட்டும் ரெண்டு வயிறா?" என்றதும் அழுத பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதையே நாடகமாகப் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

பிரேம்நாத் சார் கூப்பிட்டு அனுப்பியபோது, சீட்டு கிழிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ சிரித்தார்.

"சூப்பரா நடிக்கிறீங்கம்மா. ஆடிட்டர் முன்னாடி இங்கயே போட்டுடுங்க. கடைசியை மட்டும் மாத்திடலாம். பொண்ணு எழுந்திருக்கிறா, நேரா போறா. சூப்ரவைசர் ஒண்ணும் கேக்கல. நம்ம கம்பெனியில எல்லாம் ஃப்ரீன்னு காட்டணும், அவ்ளோதான்."

மிரட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. ஆனால் பேசி முடிக்கும்வரை மேஜைமேல் இருந்த போனில் அந்த பஸ் ஸ்டாண்ட் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. புருஷன் இல்லாத வீடு, பன்னிரண்டாவது படிக்கிற மகள். தலையை ஆட்டாமல் வேறு எதை ஆட்டுவது? ஆட்டினாள். அன்றிலிருந்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கேன்டீனில் முந்நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன்களைக் காலையிலேயே பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. ஆடிட்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பிரேம்நாத் சாரோடு காலையிலிருந்து ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார். செண்பகம் சூப்ரவைசரின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றாள். தொழிலாளியாக நடித்தவள் பூங்குழலி. வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான், இன்னும் நிரந்தரமாகாதவள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. பூங்குழலி தைப்பது போல் பாவனை செய்தாள், முகம் சுளித்தாள், எழுந்தாள். நேராக வெளியே நடக்க வேண்டும். ஆனால் மேஜை முன்னால் வந்ததும் அவள் வலது கை தானாக நீண்டது, உள்ளங்கை மேலே பார்க்க. ஐந்து மாதமாக, எழுந்த கையோடு நீட்டிப் பழகிய கை. ஒத்திகையில் ஒருமுறைகூட இப்படி நடக்கவில்லை.

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. கையை இழுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றாள். அந்தக் கை எதைக் கேட்கிறது என்று முந்நூறு பேருக்கும் தெரியும். ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். பிரேம்நாத் சார் பூங்குழலியையே பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் இந்தப் பெண்ணை அனுப்பிவிடுவார்கள் என்று செண்பகத்துக்குப் புரிந்தது. அந்தக் கையை நாடகத்தில் ஒரு பகுதி ஆக்கிவிட்டால் பழி அவளை விட்டுப் போகும். அதற்கு இடமுள்ள நாடகம் ஒன்றுதான் உண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்ட அந்தப் பழையது. இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா, ஒனக்கு மட்டும் ரெண்டு வயிறா?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கேன்டீனே சிரித்தது. பிரேம்நாத் சாரும் பலமாகச் சிரித்து ஆடிட்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஜோக் என்ற ஒரு சொல்தான் செண்பகத்துக்கு விளங்கியது. ஆடிட்டர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஊரு வேலூர் பக்கம் கணியம்பாடிதாம்மா," என்றார் தமிழில். "அந்தப் பொண்ணு எதுக்குக் கை நீட்டுச்சு?"

சிரிப்பு அடங்கிப்போனது. சும்மா நாடகம் மேடம் என்று சொன்னால் தப்பித்துவிடலாம். அதைச் சொல்லச் சொல்லித்தான் பிரேம்நாத் சாரின் கண்ணும் கெஞ்சியது. சொல் நுனி நாக்குவரை வந்துவிட்டது. மகளின் முகமும் கூடவே வந்தது. செண்பகம் நீலக் கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"டோக்கனுக்கு மேடம். அறுவது பேருக்கு ஒண்ணு. அது இல்லாம பாத்ரூம் போக வுடமாட்டாங்க. இன்னிக்கு மட்டும் எடுத்து ஒளிச்சி வெச்சிட்டாங்க."

சற்று முன் அதட்டியவளின் குரலா இது என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு மெலிதாக வந்தது. நாளை கம்பெனி பஸ்ஸில் தன்னை ஏற்ற மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க லைன்லயும் ஒண்ணுதான் மேடம்."

எழுந்து நின்றவள் ஷஹீன் பானு. இரண்டு வருஷத்தில் லைனில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள்.

பிரேம்நாத் சார் ஓரத்து ஸ்டாண்டிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க," என்றார். மூன்றாவது லைன் மொத்தமாக எழுந்து நின்றது.