பதினொரு முறை சளி

தையற்காரியின் மகளுக்கு ஏழு வயது. ஒன்றரை வருடமாக அவள் மூக்கில் கெட்டியாக, மஞ்சளாக, நாற்றத்தோடு சளி. கன்னத்தைத் தொட்டாலே அலறுவாள். மருந்து கொடுத்தால் பத்து நாள் அடங்கும், பிறகு மறுபடியும் அதே கதை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "வீடு பூரா நூலும் தூசுமா இருந்தா பிள்ளைக்கு வேற என்ன வரும் அண்ணி?" என்றாள் நாத்தனார். "தலையை நன்றாகத் துவட்டி அனுப்பவும்" என்று பள்ளி நோட்டில் ஆசிரியை எழுதினாள். தையற்காரி மெஷினை வராந்தாவுக்கு மாற்றினாள். குளிர்ந்த தண்ணீரை நிறுத்தினாள். சளி நிற்கவில்லை. அவள் வழக்கமாகப் போகும் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே அதே மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது முறை காய்ச்சலோடு கண்ணோரம் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்த டாக்டரம்மா, ஊக்கு குத்தி வைத்திருந்த மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இத்தனை தடவை வந்திருக்கே, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எப்படி இருக்குன்னு யாரும் பாக்கலையா?"

"பாக்கணும்னு யாரும் சொல்லலையே!"

இரண்டு முறை சோதித்தார்கள். கிருமியை எதிர்க்கும் புரதம் அவள் ரத்தத்தில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"பிறவிக் குறை. தூசும் காரணமில்ல, நீங்களும் காரணமில்ல" என்றார் டாக்டரம்மா.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தையற்காரிக்கு ஆத்திரத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகள் வீடு திரும்பிய மறுநாளே பழைய டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சளி எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதானேம்மா" என்றார் அவர்.

"வரும் சார், போகவும் செய்யும். ஒரு சட்டை ஒரே எடத்துல நாலு தடவை கிழிஞ்சு வந்தா நான்கூடத் துணியை விரிச்சுப் பாப்பேன். நீங்க படிச்சவர், எம்பொண்ணுக்குப் பத்து தடவை ஒட்டு மட்டும் போட்டீங்க. கண்ணு போயிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?"

அவர் மணியை அடித்தார். "அடுத்த ஆளை வரச் சொல்லு."

அன்றே அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். 'சிகிச்சை முறைப்படியே அளிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இப்போது மகளுக்கு மாதம் ஒருமுறை அந்தப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு சளி. அதுவும் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூக்கு அடைக்காததால் இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

"அதான் சரியாயிடுச்சே, விடேன்" என்கிறான் கணவன்.

"நம்ம பொண்ணுக்குச் சரியாயிடுச்சு. அந்த டாக்டர் ரூம் வாசல்ல இன்னிக்கும் இருபது பிள்ளைங்க உக்காந்திருக்கு" என்கிறாள் அவள், இரண்டாவது புகாருக்குத் தேதி போட்டபடி.