எண்ணெய் குடித்த கல்

ஆந்திர எல்லையில் கம்பெனிகள் நிறைந்த ஸ்ரீ சிட்டியில், ஜப்பான்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் கேசவனுக்குச் சமையல் வேலை. சமையல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெங்காயமும் முட்டைக்கோசும் நறுக்கி நறுக்கியே கை காய்த்துப்போனவன். மீன் பலகை பெரிய சமையல்காரர் ஹயாஷி சாருடையது. பச்சையாகத் தின்னும் மீனை அவர் ஒரே இழுப்பில் அறுப்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக் கிடந்தான் கேசவன். கூட வேலை செய்யும் திருப்பதிக்காரன் யஸ்வந்துக்கும் அந்தப் பலகை மேல் ஒரு கண்.

லீவில் ஜப்பானுக்குப் போகும்போது ஹயாஷி சார் தன் சாணைக்கல்லைத் துணியில் சுற்றிக் கேசவன் கையில்தான் கொடுத்தார். பல வருஷம் தேய்ந்து விரல் கனத்துக்கு வந்துவிட்ட கல். வீட்டில் தீட்டிப் பழகச் சொன்னார். திரும்பி வந்ததும் அவன் கத்தியைப் பார்ப்பாராம், கூர் சரியாக இருந்தால் மீன் பலகை அவனுக்காம். கடைசியாகக் கல்லைத் தட்டிக் காட்டி, "ஒன்லி வாட்டர், கேசவ-சான்" என்றார்.

பிச்சாட்டூர் வீட்டில் கேசவன் அந்தக் கல்லைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டான். குமிழி அடங்கும்வரை தண்ணீரில் ஊறவைப்பான். தீட்டி முடித்ததும், நடுவில் குழி விழாமல் இன்னொரு கல்லால் உரசி மட்டமாக்குவான். கழுவி நிழலில் காயவைப்பான். வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று மனைவி நளினியிடம் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. எண்ணெய் படக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றினால்தானே?

ஆயுத பூஜை வந்தது. ஜப்பான்காரர்களுக்கு ஏது ஆயுத பூஜை, கேசவன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நளினி அரிவாள்மனை, மண்வெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கல்லுக்கு வந்தாள். புருஷனை உயர்த்தப்போகிற கல் ஆயிற்றே, வெறும் பொட்டோடு விடுவாளா? வயல் வரப்பில் இருக்கும் சாமிக்கல்லுக்குச் செய்வதுபோல நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் உட்காரவைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்த கேசவனுக்கு மினுமினுவென்று அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற?"

"காலைலேந்து ஒண்ணும் துன்னாம உனக்குன்னு வேண்டிக்கினு பண்ணேன் மாமா. எவ்ளோ ஊத்துனாலும் குடிச்சிக்கினே இருந்துச்சு. சாமி ஏத்துக்கிச்சு!"

முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறவளை என்ன சொல்லித் திட்டுவது? திட்டியிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "கொஞ்சம் சுடுதண்ணி வை" என்று மட்டும் சொன்னான்.

சோப்புத்தூள் போட்டுக் கழுவினான். சீயக்காய் போட்டுத் தேய்த்தான். எண்ணெயை இழுக்கட்டும் என்று விபூதியை அப்பி வைத்தான். மேலே உரசி எடுத்தால், கல்தான் மெலிந்ததே ஒழிய உள்ளே போன எண்ணெய் அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீரில் போட்டால் ஒரு குமிழி வரவேண்டுமே! கத்தியை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கினான், அரிவாள் தீட்டும் சொரசொரப்புக் கல்லைத்தான் எடுத்து நீட்டினார்கள். போனில் ஆர்டர் போட்டால் புதுக்கல் வரும். ஹயாஷி சார் கை பட்டுத் தேய்ந்த கல்லை எந்தக் கடைக்காரன் அனுப்புவான்? அழுகைதான் வந்தது அவனுக்கு.

ஹயாஷி சார் வந்தார். துணியைப் பிரித்துக் கல்லின் மேல் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. கல்லை மூக்கருகே கொண்டுபோனார். ஓரத்தில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

"சார், மை வைஃப்... பூஜா... காட், சார்" என்று கைகூப்பிக் காட்டினான் கேசவன். எண்ணெய் ஊற்றுகிற மாதிரியும் செய்து காட்டினான். யஸ்வந்த் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹயாஷி சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவன் காலில் விழுந்திருப்பான், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். மனிதர் கல்லைத் துணியில் திரும்பச் சுற்றி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டித் தலை குனிந்தார். "கீப். யுவர் ஹவுஸ்" என்றார். அவன் கத்தியைக் கேட்கவே இல்லை. மறுநாள் மீன் பலகையில் யஸ்வந்த் நின்றான், கேசவன் முட்டைக்கோஸ் நறுக்கினான்.

கல் வீட்டுக்கு வந்ததும் நளினிக்குத் தலைகால் புரியவில்லை.

"உனக்கே குடுத்துட்டாரா? பாத்தியா மாமா, நான் பண்ண பூஜை வீணாப் போவல! மீன் பலகை எப்ப குடுப்பாராம்?"

கேசவன் அவள் முகத்தைப் பார்த்தான். "குடுப்பாரு" என்றான்.

இப்போது கல் சாமி மாடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் நளினி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அவனுக்குச் சீக்கிரம் மீன் பலகை கிடைக்கவேண்டும் என்று அதன்மேல் எண்ணெய் ஊற்றுகிறாள். கேசவன் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறான்.