பேர் சொல்லிக் கூப்பிடும் கழகம்

ஆயர் குரோவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்துவந்த அந்த வணிகக் கல்லூரியில் பூப்பந்துக் கழகம் இருந்தது, தமிழ்க் கழகம் இருந்தது, மூன்றாவதாக 1996-இல் மூத்த மாணவி திலகா தொடங்கிய ஆலோசகர் கழகமும் இருந்தது. கம்பெனிகளுக்குப் போய், 'உங்கள் வியாபாரம் ஏன் படுத்துவிட்டது தெரியுமா' என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகத்துக்கு ஆட்களைத் தயார்படுத்துவது அதன் வேலை. ஊரில் எல்லாரும் ஓசியில் செய்கிற காரியத்துக்குச் சம்பளமா என்று சிரித்தவர்கள், அது எவ்வளவு என்று கேள்விப்பட்டதும் வாயை மூடிக்கொண்டு பேர் கொடுத்தார்கள்.

கழகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கோலாலம்பூர் ஆலோசனை நிறுவனங்களில் முதலாளியைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஆகவே கூட்டத்தில் யார் வாயிலிருந்தாவது சார், மேடம், அண்ணே, அக்கா என்று வந்தால் அந்த இடத்திலேயே பத்துத் தோப்புக்கரணம்.

கணேஸ்வரன் டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்துப் பையன். கண்ணில் பட்ட பெரியவர்களை எல்லாம் மாமா, ஐயா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அவன் முதல் மாதம் போட்ட தோப்புக்கரணத்துக்குப் பிள்ளையாரே இறங்கி வந்து வரம் கொடுத்திருக்க வேண்டும்.

"திலகாக்கா, இந்தக் கேள்விக்கு..."

"பத்து," என்பாள் திலகா, தலையை நிமிர்த்தாமலே.

மூன்றாவது மாதம் அவனுக்கு நாக்கு திருந்திவிட்டது. விரிவுரையாளரையே பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் முறைத்ததைப் பெருமையாக வந்து சொன்னான்.

ஆகஸ்டில் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு மாணவருக்குப் பயிற்சி இடம், முடிந்ததும் வேலை. விண்ணப்பிக்கிறவர் உள்ளூர் வியாபாரம் ஒன்றைப் பார்த்து ஆலோசனை சொல்லி, முதலாளியின் கையெழுத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஐந்து பேர் ஆசைப்பட்டார்கள். கணேஸ்வரனுக்கு அது ஆசை மட்டுமில்லை. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்த தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றாகிவிட்டது. தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டை வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் எங்கே போவது என்று தெரியாமல் தினமும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துவிடலாம்.

சிம்பாங் அம்பாட்டில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருக்கும் தம்புசாமியிடம் திலகா அவனை அழைத்துப் போனாள். அவளுடைய அப்பாவுக்குப் பழக்கமான மனிதர். அறுபது வயது, பெரிய மீசை. கோயில் தலைவராக ஒன்பது வருடம் இருந்தவர். வாசலில் பெண்கள் டின்களோடு வரிசையில் நின்றார்கள். கணேஸ்வரன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நேரே போய்க் கையை நீட்டினான்.

"குட் மார்னிங், தம்புசாமி. நான் கணேஸ்வரன்."

அவர் மெஷினை நிறுத்தினார்.

"யாருடா நீ? எங்கையால தாலி கட்டிக்கிட்டவளே முப்பத்தஞ்சு வருசமா எம்பேர வாயால சொன்னதில்ல. மீச மொளைக்காத பய நீ சொல்றியா? போலா வெளிய!"

இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் திலகா பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தாள்.

"அந்தச் சட்டம் நம்ம கூட்டத்துக்குலா! ஊர்ப் பெரியவங்ககிட்ட போய் யாரு காட்டச் சொன்னா?"

"நீங்கதானக்கா பழக்கிவிட்டீங்க!"

"பத்து," என்றாள் பழக்கதோஷத்தில். பிறகு அவளே சிரித்துவிட்டாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை நிறுவனத்து ஆள் வருகிறார். வேறு முதலாளியைத் தேட நாளில்லை.

சனிக்கிழமை காலை அம்மா பெத்தம்மாள் இரண்டு கிலோ காய்ந்த மிளகாயை டின்னில் போட்டுக் கொடுத்தாள். "மொதல்ல அரைக்கப் போறவன் மாதிரி போ. பேச்சு பொறவு," என்றாள். அவன் எட்டு மணி பஸ்ஸில் போய் வரிசையின் கடைசியில் நின்றான்.

நின்றதால்தான் விஷயம் தெரிந்தது. வேனில் மூட்டையோடு கடைக்காரர்கள் வரும்போதெல்லாம் தம்புசாமி "வாங்க, வாங்க" என்று அவர்கள் மூட்டையை முதலில் கொட்டினார். வரிசை நின்ற இடத்திலேயே நின்றது. பதினொரு மணி பஸ் வந்தது. முன்னால் நின்ற ஜானகி என்ற பெண் அரைக்காத டின்னைத் தூக்கிக்கொண்டாள்.

"மூணு வாரமா இதே கததான் தம்பி. இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது ரெண்டு மணிக்கு. இனிமே பேக்கட் தூளே போதும்."

அவளோடு ஆறு பேர் போனார்கள். கணேஸ்வரன் நேரத்தையும் தலைகளையும் குறித்துக்கொண்டான். அவன் முறை வரும்போது மணி ஒன்று.

"என்ன, இன்னிக்கும் பேரு சொல்ல வந்தியா?" என்றார் தம்புசாமி.

"இல்லீங்கய்யா, மொளகா அரைக்க வந்தேன். அன்னிக்கு பேசுனது தப்புங்க. மன்னிச்சிருங்க."

மீசை கொஞ்சம் இறங்கியது. மிளகாயை அரைத்துக் கொடுத்தார், தேநீர் வாங்கிக் கொடுத்தார், அறிக்கையைத் திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட அதன் கடைசித் தாளைக்கூட வாங்கிப் பேனாவைத் திறந்தார்.

"பேக்கட் தூள் வந்துதான் என் மில்லு படுத்துருச்சு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நீயும் அதத்தான எழுதியிருப்ப?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். கணேஸ்வரனுக்கு லயத்து வீடு கண்ணில் வந்து நின்றது. பஸ்ஸுக்கு ஓடிய ஜானகியும் வந்து நின்றாள்.

"இல்லீங்கய்யா. தப்பு உங்க மேலதாங்கய்யா. தோட்டத்துல இருந்து பஸ்ஸேறி வர்றவங்கள நிக்க வச்சுட்டு, வேன்ல வர்றவங்களுக்கு அரைக்கிறீங்க. இன்னிக்கு மட்டும் ஏழு பேரு அரைக்காம திரும்பிப் போய்ட்டாங்கய்யா."

மூன்று 'ஐயா' போட்டும் சூடு தணியவில்லை. தம்புசாமி பேனாவை மூடினார்.

"போய்ட்டு வா," என்றார்.

திங்கட்கிழமை கல்லூரியில் ஐந்து பேரும் அறிக்கைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்திலிருந்து வந்த தனபாலன் நல்ல மனிதர்தான். கணேஸ்வரனுடைய தாளை இரண்டு தரம் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா ஓனர் கையெழுத்து இல்லாம எடுத்துக்க முடியாது. சாரி."

கணேஸ்வரன் தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் கதவு திறந்தது. சட்டையெல்லாம் மஞ்சள் தூளோடு தம்புசாமி நின்றார். மாடிப்படி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அந்தப் பேப்பர் எங்க?"

தனபாலன் எழுந்து நாற்காலியைக் காட்டினார். தம்புசாமி உட்காரவில்லை.

"நேத்து வேன்காரங்கள நிக்க வச்சுட்டு, பஸ்ஸுல வந்தவங்களுக்கு மொதல்ல அரைச்சேன். ஒருத்தரும் திரும்பிப் போகல. போனவங்களே நாலு பேரு மறுபடி வந்தாங்க," என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒன்பது வருடம் கோயில் தலைவராக இருந்த மனிதருக்கு அடுத்த வார்த்தை எளிதில் வரவில்லை. "தப்பு என் மேலதான். என் சாதிசனம், கூட்டாளிங்க, எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும். என் மனசு நோகும்னு பேக்கட் தூள் மேல பழியப் போட்டுட்டு, என் செலவுல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. என்னை மதிச்சு நெசத்த சொன்னவன் இந்தப் பய ஒருத்தன்தான்."

நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அறையில் முதலில் கைதட்டியவள் திலகா. அந்த இடத்துக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

கணேஸ்வரன் எழுந்து அவரிடம் போனான். இத்தனை மாதப் பயிற்சியையும் மறந்து, கல்லூரித் தரையில் குனிந்து, தம்புசாமியின் காலைத் தொட்டான். அவர் பதறித் தூக்கினார். தனபாலன் அந்தத் தாளை மற்ற நான்குக்கும் மேலே எடுத்து வைத்தார்.