சனிக்கிழமை ஒத்திகை

சட்டையின் கடைசிப் பொத்தான் துளைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. புதுச் சட்டை. கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து, கடையைத் திறக்க வைத்து அத்தை வாங்கி வந்தது. அப்பாவின் விறைத்த கைகளை அதற்குள் நுழைப்பதற்குள் மகளுக்கும் அத்தைக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

காலரைத் திருப்பிவிடும்போது பிடரிப் பக்கம் லேபிள் அவள் விரலில் பட்டது. மொடமொடவென்று, முனை கூராக இருந்தது. அலமாரியில் அப்பாவின் சட்டைகள் எட்டு. எட்டும் ஒரே சாம்பல் நிறம்; எட்டிலும் லேபிளை அடியோடு வெட்டியிருந்தார். பழையது ஒன்றை எடுக்கலாம் என்றதற்கு அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குத்தினால் குத்தட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். செத்தவரிடம் என்ன கோபம் என்று உடனே தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

அந்தக் கோபத்துக்கு ஒன்றே முக்கால் வயது.

அம்மா இருந்தவரை அப்பாவோடு போனில் பேசுவதென்றால் அம்மாவோடு பேசுவதுதான். "அப்பா கேக்கறாரு, சாப்டியான்னு" என்பாள் அம்மா. அப்பா கேட்டிருக்கவே மாட்டார். அம்மா போன பிறகு அப்பாவே கூப்பிட ஆரம்பித்தார். ஞாயிறு, காலை பத்து மணி. ஒரு நிமிடம்கூடப் பிந்தாது. நான்கு ரிங்கில் எடுக்காவிட்டால் வைத்துவிடுவார். அதனால் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவந்து, மூச்சு வாங்க, "இருக்கேன்பா, இருக்கேன், வச்சுடாதீங்க" என்றுதான் அவள் பேச்சையே தொடங்குவாள்.

ஒரு ஞாயிறு, "அடுத்த வாரம் ஒரு நல்ல விஷயம் சொல்றேன்பா" என்றாள். அவளுக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. ஞாயிறு பத்து மணிக்கு போன் வந்தது.

"அப்பா, குழந்தை தங்கலப்பா."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. உடம்பைப் பாத்துக்கோ."

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். "இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க. நானே கூப்பிடறேன்!"

அப்பா கூப்பிடவில்லை. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே கூப்பிட்டுக் கெஞ்சியிருப்பார்கள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும்தான். அந்த மனிதருக்கு உள்ளே ஒன்றும் கிடையாது என்று ஊர் சொல்வதைக் கடைசியில் அவளும் நம்பினாள். நேற்றுக் காலை எதிர்வீட்டிலிருந்து சேதி வந்தபோது பேச்சுவார்த்தை நின்று ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. இன்று ஞாயிறு.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அப்பாவின் அக்காவான அத்தை, மூக்கை உறிஞ்சியபடி தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா செத்தப்ப இதே கூடத்துல எல்லாரும் அழுதுட்டு இருக்கோம். ஃபேன் சத்தம் போடுது, ஏணி எங்கன்னு கேக்கறான். ஏணி!"

"எனக்கு இருபது வருஷமா எதிர்வீடு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஒரு தடவை முகம் பாத்துப் பேசினதில்ல. நான் பேசப் பேச என் செருப்பையே பாத்துட்டு நிப்பாரு. எனக்கே என்னமோ மாதிரி ஆயிடும்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தலைக்கு மேல் அதே ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அப்பா ஏறி இறங்கிய பிறகு அது சத்தம் போட்டதே இல்லை.

அப்போதுதான் அப்பாவின் தலைமாட்டிலிருந்து அந்த வார்த்தைகள் கேட்டன.

"இருக்கேன்பா, இருக்கேன், வச்சுடாதீங்க."

குரல் ஓர் ஆணுடையது. கரகரத்தது. ஆனால் மூச்சு வாங்கிய இடம், 'வச்சுடாதீங்க'வை இழுத்த இழுப்பு எல்லாம் அவளுடையவை. குனிந்து நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு, நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. லிஃப்ட் கம்பெனியில் அப்பாவோடு பழுது பார்த்தவர். கம்பெனியில் கிரீஸ் என்றால்தான் ஆளைத் தெரியும்.

அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

கிரீஸ் திருட்டு முழி முழித்தார். "பழக்க தோஷம்மா. அவரைப் பாத்ததும் வாயில வந்துடுச்சு." பிறகு தயங்கி, "நான்தாம்மா நீ" என்றார்.

"என்னது?"

"சனிக்கிழமை மதியம் லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு உள்ள உக்காருவோம். மறுநாள் உன்கிட்ட பேசறதை அங்கதான் ஒத்திகை பாப்பாரு. நான் நீயா இருக்கணும். முதல்ல ஹலோன்னேன். 'அவ ஹலோ சொல்ல மாட்டா, ஓடி வருவா, மூச்சு வாங்கணும்'னாரு. இந்த உடம்பை வச்சுட்டு மூச்சு வாங்கி வாங்கி எனக்கு நிஜமாவே உசுரு போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"அந்த ஞாயித்துக்கிழமை…"

"தப்பு என்னோடது." கிரீஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நல்ல விஷயம்னா மாசமாத்தான் இருப்பான்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். 'அப்பா, குழந்தை'ன்னு நான் ஆரம்பிப்பேன். 'அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா'ன்னு அவரு. முப்பது தடவையாவது சொல்லிப் பாத்தோம். மறுநாள் குழந்தைன்னு காதுல விழுந்ததும் வாய் சொல்லிடுச்சு. மிச்சம் அப்புறம்தான் உள்ள போயிருக்கு."

"அப்புறம் ஏன் கூப்பிடலை? ஒரு தடவையாவது?"

இதென்ன கேள்வி என்பதுபோல கிரீஸ் அவளைப் பார்த்தார். "நீதானேம்மா கூப்பிடாதீங்கன்னு சொன்ன? கோவத்துல சொல்றதுய்யா, போய் போனைப் போடுன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'நானே கூப்பிடறேன்னு சொல்லியிருக்கா, கூப்பிடுவா'ன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வேலைன்னு யார் கூப்பிட்டாலும் வரமாட்டாரு. போன் பக்கத்துல உக்காந்திருப்பாரு."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்டகூடப் போனாரு. 'நான் ஏன் அப்படிச் சொன்னேன்'னு கேக்கத்தான் போனாரு. ஆட்டிசம்னு எழுதிக் குடுத்தாங்க. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தானாம். 'பழுது இல்லையாம், வயரிங்கே அப்படித்தானாம்'னு என்கிட்ட வந்து சொன்னாரு. ஆனா ஒத்திகையை மட்டும் விடலை. போன சனிக்கிழமைகூட இருந்துச்சு."

"என்ன சொல்வாரு?"

கிரீஸ் நிமிர்ந்து நின்றார். பார்வை இறங்கி அவள் பாதத்தில் நிலைகுத்தியது. பேசத் தொடங்கியபோது குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் வடிந்திருந்தது. அடுக்களையில் அப்பா நின்றார்.

"நான் தப்பா சொல்லிட்டேன். எனக்கு சந்தோஷம் இல்ல. அன்னிலேர்ந்து சாப்பாடு ருசிக்கலை. நீ அழணும்னா அழு. எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்."

அடுக்களைக் குழாய் ஒரு சொட்டு சொட்டியது. கிரீஸ் மறுபடி கிரீஸ் ஆனார்.

"இந்த எடத்துல நீ பேசணும். 'பரவால்லப்பா'ன்னேன். 'அவ அப்படிச் சொல்ல மாட்டா'ன்னாரு. அழுது பாத்தேன், திட்டிப் பாத்தேன். எதுவும் நீ இல்லைன்னுட்டாரு. இத்தனை நாளா எனக்கு அந்த எடம் மட்டும் வரவே இல்லம்மா. நீயே சொல்லு, என்னதான் சொல்லியிருப்ப?"

அவள் யோசித்தாள். இந்த ஆளிடம் பொய் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது.

"வச்சிருப்பேன்," என்றாள். "ஒண்ணும் சொல்லாம போனை வச்சிருப்பேன்." சொட்டிய குழாயை இறுக்கி மூடினாள். "கொஞ்ச நேரம் கழிச்சு நானே கூப்பிட்டிருப்பேன்."

கிரீஸ் மெல்லத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. "போன வாரம் அவரே கண்டுபிடிச்சுட்டாரு. 'வச்சுடுவா, அப்புறம் கூப்பிடுவா. கூப்பிட்டா என்ன பேசறதுன்னு அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்'னாரு."

அந்த அடுத்த சனிக்கிழமை நேற்று.

அவள் கணவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "வண்டி வந்துடுச்சு" என்றார். கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக நான்கு நிமிடம் இருந்தது. அவள் அறைக்குள் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

"என்னடி பண்ற? தூக்கறதுக்கு ஆளுங்க நிக்கறாங்க," என்றார் அத்தை.

"குத்தும் அத்தை."

அத்தை, முட்டி வலிக்கிற முனகலோடு குனிந்து உட்கார்ந்து, தம்பியின் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். அவள் காலரை மடக்கி லேபிளை அடியோடு வெட்டினாள். பிடரியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். தையலில் ஒரு நூல் மிஞ்சியிருந்தது. தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். அவள் அந்த நூலையும் வெட்டினாள்.