ஏழு கட்டம்

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் உள்ளூரில் இல்லாமல் போக வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு பச்சைச் சான்றிதழ் உண்டு. அது கைக்கு வந்ததிலிருந்து அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு ஆள் மங்க ஆரம்பிக்கலாம். சிலருக்கு ஒரு மாதம் பிடிக்கும். பாளையங்கோட்டை சண்முகவடிவுக்கு ஒன்றரை நாள்தான் பிடித்தது.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவின் மடியில் கிண்ணத்தை வைத்தாள். கையிலிருந்த ஈரத் துண்டை அவள் தோளில் விரித்துக் காயப்போட்டாள். பிறகு அடுக்களையில் போய்த் தேடினாள்.

"வடிவக்கா, எங்க இருக்கிய?"

"இங்கதான இருக்கேன். என் மேலதான துண்டு போட்டிருக்க?"

"குரல் கணீர்னு கேக்கு. ஆளைத்தான் காணும். சரி, கிண்ணத்தைக் கழுவி வையுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்."

காரியம் வேகமாக நடக்கிறது என்று சண்முகவடிவு சந்தோஷப்பட்டாள்.

அவளுக்கு வயது அறுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டர். ஹெட்போன் மாட்டி மாட்டி இடது காது வலது காதைவிட இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. மாவட்டத்தில் அவள் வாயில் புகுந்து புறப்படாத பெயர் கிடையாது. கலெக்டர் பெயர், கள்ளக் கடத்தல்காரன் பெயர், அல்வாக் கடைக்காரர்கள் பதினாறு பேரின் பெயர், எல்லாவற்றையும் அவள் கம்பிக்குள் உரக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு பெயரை மட்டும் சொன்னதில்லை. அது அவள் புருஷன் பெயர். அவர் உயிரோடு இருந்த முப்பத்திரண்டு வருஷமும் சொல்லவில்லை. செத்துப்போன ஒன்பது வருஷமும் சொல்லவில்லை. அவரைத் தேடி டிரங்க் கால் வந்தால் பக்கத்து சீட்டுக்காரியைச் சொல்லச் சொல்லுவாள்.

மகள் உலகம்மை பனி நாட்டில் இருந்தாள். அங்கே ரசம் வைத்து இறக்கினால் தட்டில் விழும்போது ஆலங்கட்டியாக விழும். "தனியா இருக்காதம்மா, இங்க வந்திரு" என்று மகள் கூப்பிட்டாள்.

"வந்தா ரெண்டு பேருமா வாரோம். இல்லன்னா ரெண்டு பேரும் வரல" என்றாள் சண்முகவடிவு.

இரண்டாவது ஆள் கருப்பட்டி. ஏழு வயது. புருஷன் போன இரண்டாம் வருஷம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்ற நாட்டு நாய்க்குட்டி. இதுவரை யார் சொன்னதையும் கேட்டதில்லை. அதனால்தான் அவளுக்கு அதைப் பிடித்தது.

குடியுரிமை அலுவலகத்தின் வரிசை மார்க்கெட் பக்கம் ஆரம்பித்தது. அதன் வால் கிடைக்க இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு தாழ்வாரம். அவள் பத்தடி நடந்தால் பியூன் இன்னும் பத்தடி தாழ்வாரத்தைப் பாய் மாதிரி உருட்டி விரித்தான். "இன்னைக்கு ஸ்டாக் நிறைய இருக்கும்மா, மெதுவா நடங்க" என்றான். மூன்று இடத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு அவள் ஜன்னலை அடைந்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கண்ணை மூடியிருந்தார். வேலை செய்யும்போது அவர் கண்ணைத் திறப்பதில்லை.

"பேரு?"

"பி. சண்முகவடிவு."

"பி-ன்னா?"

அவள் ஜன்னல் கம்பியை முந்தானையால் துடைத்தாள்.

"பி-ன்னா யாரும்மா?"

"அவுக."

"அவுகன்னா?"

"எழுதிக் காட்டுதேன்."

"எழுதுங்க. குடும்பப் பேரு முதல்ல. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து."

ஏழு கட்டங்கள் இருந்தன. பிரமநாயகம் என்று எழுதினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பேனாவைத் தூக்கியவள் அடுத்த கட்டத்தைத் தேடினாள்.

"என் பேர எங்க எழுத?"

"மிச்சக் கட்டத்துல."

"மிச்சம் இல்லையே."

"அப்ப வேண்டாம்" என்றார் குமாஸ்தா. "அது விருப்பப்பட்டா மட்டும்தான்." படிவத்தைத் தடவிப் பார்த்தார். எழுத்துகள் மேல் விரல் ஓடியபோது எங்கேயோ ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "ஆள் வந்துட்டாரு" என்று அவர் முத்திரை குத்தினார்.

அடுத்து பேங்க். பென்ஷன் கணக்கை வெளிநாட்டுக்காரர் கணக்காக மாற்ற வேண்டும். ஒவ்வொரு நவம்பரும் அவள் அங்கே போய், தான் உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டு வருவாள். மூன்றாம் கவுன்ட்டர் பெண்ணுக்கு அவளை நன்றாகத் தெரியும்.

"சாகலையா இன்னும்?" என்றாள் அந்தப் பெண், அன்பாக.

"இன்னும் இல்ல. மக இருக்கிற ஊருக்குப் போறேன்."

படிவத்தில் ஒட்ட வேண்டிய புகைப்படத்தை அந்தப் பெண் வாங்கி நான்காம் கவுன்ட்டருக்கு நகர்த்தினாள். மூன்றாம் கவுன்ட்டருக்கும் நான்காம் கவுன்ட்டருக்கும் இடையில் ஒரு முழ தூரம் இருக்கும். அதற்குள் புகைப்படத்தில் மீசை முளைத்துவிட்டது. நான்காம் கவுன்ட்டர்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நாந்தான்."

"மீசை?"

"காலையில இல்ல."

அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் அளவுகோலால் மீசையை அளந்தார். ஏற்கெனவே கிருதாவும் இறங்க ஆரம்பித்திருந்தது. "போட்டோல தப்பு இல்ல" என்றார் மேனேஜர். "அம்மாதான் மாறிப்போயிட்டாங்க. இவரை நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"இவுக செத்து ஒம்பது வருஷம் ஆச்சு சார்."

"செத்ததுக்கு ஆட்சேபம் இல்லம்மா. கையெழுத்து மாறக்கூடாது. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. பிரமநாயகம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியாக உடுத்தி அனுப்பிய அதே வெள்ளைச் சட்டை. லேசாகப் புகை வாசம். கருப்பட்டி கட்டிலுக்கடியில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது. தபால்காரரைக்கூட அது அரை மணி நேரம் விடாமல் குரைக்கும்.

"ஏளா, காப்பி" என்றார்.

அவள் காப்பி போட்டாள். பால் பொங்கும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"எங்கயும் போறியளா?" என்று கேட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் பெரிய பெட்டி ஒன்று இருந்தது.

"உலகு கூப்பிட்டிருக்கா. பெர்மிட் வந்துட்டு." சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்துக் காட்டினார். ஏழு கட்டங்கள். மீசை வைத்த படம். "சீனி கம்மி."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வை. இங்க வந்து நடுங்கிட்டு இருக்கக் கூடாது."

"நான் வரலியாளா அப்ப?"

"நீ வராமலா? நாய்க்குப் பெர்மிட் எடுத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"சீக்கிரம் எடு" என்றாள் உலகம்மை. "அப்பா கூட ஒரு பிராணி கொண்டு வரலாம்."

பிராணிப் போக்குவரத்து அலுவலகம் மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. டாக்டர் கருப்பட்டியின் தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். குட்டியாகக் கொண்டுபோன அன்றைக்கு அங்கிருந்த கம்பவுண்டர் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல முன்னெழுத்துச் சேர்த்து எழுதியிருந்தார். ச. கருப்பட்டி. அதைப் பார்த்து அவள் அப்போது ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அட்டையைக் காட்டினாள்.

"ச-ன்னா?" என்றார் டாக்டர்.

"நாந்தான் சார். சண்முகவடிவு."

"குடும்பப் பேரு முதல்ல. கட்டத்துல எழுதுங்க."

ஏழு கட்டங்கள் இருந்தன. சண்முகவடிவு என்று எழுதினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கருப்பட்டிக்கு இடமில்லை.

கடைசியில் ஏதோ ஒரு காகிதத்தில் தன் பெயர் முழுசாக வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரே பெயரில் இரண்டு பேரும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். நாயின் படத்தை ஒட்ட வேண்டிய இடத்தில் டாக்டர் அவள் பையிலிருந்த மீசையில்லாத பழைய படத்தை எடுத்து ஒட்டினார். அவள் வாயைத் திறப்பதற்குள் கூண்டு செய்கிற ஆசாரி வந்துவிட்டார்.

"கூண்டுக்கு மூணு விதி" என்றார் ஆசாரி. "எந்திரிச்சு நிக்கணும். ஒரு சுத்து திரும்பணும். காலை மடக்கிப் படுக்கணும். அதுக்கு மேல ஒரு விரக்கடை கூடாது." அவர் டேப்பை எடுத்து அவள் தோளை அளந்தார். முழங்காலை அளந்தார். இடது காதை மட்டும் இரண்டு தடவை அளந்தார்.

"நாய் அங்க நிக்கி" என்றாள்.

"தெரியும்மா. கொஞ்சம் குனியுங்க."

"நான் எதுக்குக் குனியணும்?"

"முப்பத்திரண்டு வருஷம் குனிஞ்ச முதுகுதானம்மா" என்றார் ஆசாரி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. "இப்ப புதுசா கேக்கிய."

விமான நிலையத்தில் கூண்டு நடுவில் இருந்தது. தேக்கு மரம், ஒரு பக்கம் கம்பி. ஒரு ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். அது செண்பகவல்லியின் சொதிக் கிண்ணம். பிரமநாயகம் இரண்டு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு நீல அட்டையோடு நின்றார். சண்முகவடிவும் கருப்பட்டியும் இரும்பு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி ஒரு பெண். மிகவும் மரியாதையானவள்.

"ஐயாவோட பிராணி எது?"

"இந்தா இருக்கு" என்று பிரமநாயகம் பெஞ்சைக் காட்டினார்.

"அதுல எதுன்னு ஆபீஸுக்குத் தெரியணும் ஐயா. நீங்க கூப்பிடுங்க. எது எந்திரிக்கோ அது கூண்டுக்கு. எந்திரிக்காதது இங்கயே."

"எதுவும் எந்திரிக்கலன்னா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"அப்ப பெர்மிட் செல்லாது. வீட்டுக்குப் போயிரலாம்."

சண்முகவடிவின் நெஞ்சில் ஒரு விளக்கு எரிந்தது. மகளிடம் போகாவிட்டால் போகிறது. ரெண்டு பேரும் வரவில்லை, அவ்வளவுதானே. அவள் குனிந்து நாயின் காதில் சொன்னாள். "லேய் கருப்பட்டி. உன் கால்ல விழுதேன். எந்திரிக்காதல. வீட்டுக்குப் போயி கருவாடு தாரேன்."

கருப்பட்டி அவளைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைக் கேட்டது. முன்னங்கால்களைப் பரப்பி பெஞ்சோடு பெஞ்சாகப் படுத்துக்கொண்டது.

பிரமநாயகம் தொண்டையைச் செருமினார்.

"ஏளா."

அவள் பெஞ்சின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை. நாய் அசையவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள். ஹாலில் இருந்த ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். வெளியே நின்ற விமானம்கூட இரைச்சலைக் குறைத்துக்கொண்டது.

பிரமநாயகம் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தலையைத் திருப்பவில்லை. காலையில் பேப்பர் படித்துக்கொண்டே கூப்பிடுகிற அதே சுருதியில், கொஞ்சம் இழுத்து, சும்மா சொன்னார்.

"ஏளாஆ."

சண்முகவடிவு நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். கம்பி பெஞ்சிலேயே இருந்தது.

கருப்பட்டி எழுந்திருக்கவே இல்லை.

"கூப்பிட்டா வருது" என்று அதிகாரி எழுதிக்கொண்டாள். "ஆட்சேபம் இருந்தா இப்ப சொல்லலாம். நீங்க இவரோட பிராணி இல்லன்னு சொல்லணும்னா, இவரு பேர ஒரு தடவை வாயால சொன்னாப் போதும். பேரு சொல்லிக் கூப்பிடுறது பிராணி இல்லன்னு சட்டம்."

அவ்வளவுதானா என்று சண்முகவடிவு நினைத்தாள். ஏழே எழுத்து. முப்பத்தாறு வருஷம் ஊர்ப் பெயரையெல்லாம் உரக்கச் சொன்ன வாய். முதுகை நிமிர்த்தினாள். இல்லாத ஹெட்போனைச் சரிசெய்தாள். மூச்சை முழுசாக இழுத்தாள், உதட்டைச் சேர்த்தாள்.

"அவுக" என்றாள்.

அதிகாரி பயணிகள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். பொறுமையாகத்தான் பார்த்தாள்.

"அவுகன்னு யாரும் இல்லையேம்மா."

முத்திரை விழுந்தது.

கூண்டு சரியான அளவாகத்தான் இருந்தது. எழுந்து நிற்க முடிந்தது. ஒரு சுற்றுத் திரும்ப முடிந்தது. காலை மடக்கிப் படுக்க முடிந்தது. அதற்கு மேல் ஒரு விரக்கடை இல்லை.

வீட்டுச் சாவி வைத்திருப்பவர்தான் உள்ளூர்க்காரர் என்று சொல்லி, அதிகாரி சாவியை வாங்கிக் கருப்பட்டியின் வாயில் கொடுத்தாள். நவம்பரில் பேங்குக்குப் போய்த் தலையைக் காட்டிவிட வேண்டும் என்பதையும் அதனிடம் எடுத்துச் சொன்னாள். கருப்பட்டி பெஞ்சிலிருந்து இறங்கியது. கூண்டுக்கு வந்து கம்பி வழியாக அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தது. சாவிக் கொத்தின் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது.

பிரமநாயகம் கவுன்ட்டரில் காப்பி இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

விமானத்தில் ஏற்றுகிறவரை சண்முகவடிவு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேர் கூண்டைத் தூக்கினார்கள். அதிலொருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, பசை தடவிய ஒரு அட்டையை எடுத்துக் கதவில் ஒட்டினார்.

சத்தம் போடாத பிராணி, என்று அதில் எழுதியிருந்தது.