வேலுத்தாயின் நல்ல மண்

ரோகிணி நான்கு வருடமாக மலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடிவாரத்து வத்தலக்குண்டில் தொடங்கி மேலே குளிரில் இருக்கும் மன்னவனூர் வரை, நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு குப்பி மண். குளிர் கூடக்கூட மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் எப்படி மாறுகின்றன என்பது ஆராய்ச்சி. அவையும் ஒழுங்காகத்தான் மாறின. வெயிலுக்குப் பழகியவை பாதி மலையிலேயே நின்றுவிட்டன. குளிர் தாங்குபவை மேலே இருந்தன. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததைக் கண்டுபிடித்தவளுக்கு யார் மாலை போடுவார்கள்?

மன்னவனூர்க் குப்பி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேலுத்தாயின் பூண்டுத் தோட்டத்தில் எடுத்த அந்த மண்ணில் வத்தலக்குண்டு உயிர்கள் அப்படியே இருந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் குழந்தைவேல் இரண்டு நாள் தூங்கவில்லை. குளிரை வென்ற உயிர்கள் என்று தலைப்பே வைத்துவிட்டார். ஆய்வேட்டைப் பத்து நாளில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பட்டம், பட்டம் வந்தால்தான் கோவையில் வேலை.

எதற்கும் இன்னொரு குப்பி இருக்கட்டும் என்று ரோகிணி மறுபடி பஸ் ஏறினாள். தோட்டத்து வாசலில் ஒரு லாரி மாட்டு எருவைக் கொட்டிக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து வருடா வருடம் வருவதுதான் என்றாள் வேலுத்தாய். போன தடவை மண் எடுத்த இடத்திலும் இதைப் போட்டிருந்தாளா என்று ரோகிணி கேட்டாள்.

"பின்ன? காலேசுக்குப் போற மண்ணும்மா. மட்டமானதயா குடுப்பேன்? முந்தின நாள்தான் எரு போட்டுக் கொத்துன பாத்தி அது."

குளிரை வென்ற உயிர்கள் லாரியில் ஏறி வந்தவை. ரோகிணிக்குக் கோபம் வந்தது. தோட்டத்திலேயே நல்ல இடத்தைக் காட்டியவளிடம் அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. உண்மையை எழுதினால் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும். கோவை வேலை அதுவரை காத்திருக்காது.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த லாரி விஷயம் வேறு யாருக்குத் தெரியும் என்றார்.

"மன்னவனூருக்கே தெரியும் சார்."

மன்னவனூரில் யார் ஆய்வேடு படிக்கப்போகிறார்கள் என்று கேட்டார் அவர்.

ரோகிணிக்கு அழுகை முட்டியது. நான்கு வருடம்.

"நான் படிப்பேனே சார்," என்றாள்.

போனை வைத்துவிட்டு, எருவே படாத மண் இருக்கிறதா என்று வேலுத்தாயிடம் கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒன்றுக்கும் உதவாத அந்த மண்ணை வெளியூருக்குக் கொடுத்தனுப்ப வேலுத்தாயைச் சம்மதிக்க வைக்கத்தான் அரை நாள் ஆனது.